கை நுழையாத மூலையில் ஸ்குரூவைப் பிடிக்க வைப்பது எப்படி?

சிங்கப்பூரில், பொங்கோலில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரிக் கதவு ஒரு பக்கம் தொங்கிவிட்டது. கீலின் தகட்டை மறுபடி பலகையில் மாட்டப் பார்க்கிறேன். பக்கத்திலேயே கழிவுநீர்க் குழாய், இரண்டு விரல்தான் நுழைகிறது. ஸ்குரூவை ஓட்டையில் வைத்து டிரைவரைக் கொண்டுபோவதற்குள் விழுந்துவிடுகிறது. காந்த முனை டிரைவர் வாங்கினேன், அதிலும் நிற்கவில்லை. மூன்று ஸ்குரூ குழாய் இறங்கும் ஓட்டை வழியாக அலமாரிக்குக் கீழே போய்விட்டது. வேறு வழி இருக்கிறதா?"

இருக்கிறது, தம்பி. கப்பல் பட்டறையில் ஆறு வருடம், அப்புறம் கட்டடப் பராமரிப்பில் இருபது வருடத்துக்கு மேல் என்று நான் விழவிட்ட ஸ்குரூக்களைச் சேர்த்து வைத்திருந்தால் கடையே போட்டிருக்கலாம். உங்கள் கீலுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் காந்தம் ஏன் கைவிட்டது என்று பார்ப்போம்.

நம் ஊர்ச் சமையலறையிலும் குளியலறையிலும் துருவுக்குப் பயந்து பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூ போடுவார்கள். அதில் அதிகம் புழங்குவது 304 வகை. அதைக் காந்தம் இழுக்காது. செய்யும்போது நெரிபட்டதில் லேசாக ஒட்டுகிற மாதிரி தோன்றும், ஆனால் தன் எடையைத் தாங்கும் அளவுக்கு ஒட்டாது. பித்தளையும் அப்படித்தான். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மையை எடுத்து ஸ்குரூவில் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் இருபது வெள்ளி கொடுத்து வாங்கிய காந்த டிரைவரும் சும்மாதான்.

இரும்பு ஸ்குரூவுக்கே காந்தம் முழு மருந்து இல்லை. ஸ்குரூ முனையில் ஒட்டும், ஆனால் கொஞ்சம் சாய்ந்து ஒட்டும். திறந்த இடத்தில் கண்ணால் பார்த்து விரலால் நிமிர்த்திவிடலாம். மூலையில் அந்தச் சாய்வோடுதான் ஓட்டைக்குள் போகும். இரும்புத் தூளையும் அது இழுத்து வைத்துக்கொள்ளும், அந்தத் தூள் மரைக்குள் போய் அடைக்கும். காந்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் பையிலும் ஒன்று கிடக்கிறது. அதையே நம்பி இருக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஸ்குரூவைத் தொடங்குவது ஒரே வேலை மாதிரி தெரியும், உண்மையில் அதற்குள் மூன்று வேலை இருக்கிறது. ஸ்குரூவை டிரைவர் முனையில் விழாமல் பிடிப்பது ஒன்று. ஓட்டைக்கு நேராக நிறுத்துவது இன்னொன்று. மரையும் மரையும் சரியாகக் கவ்வுகிறதா என்று உணர்வது மூன்றாவது. கடையில் விற்கிற கருவிகளில் பெரும்பாலானவை முதல் வேலைக்குத்தான். நம் கஷ்டமோ பாதிக்கு மேல் இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் இருக்கிறது.

மூன்றாவதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தப் பட்டறையும் இல்லை, எங்கள் அம்மா. தோடு போட அவர் கண்ணாடி முன் நின்று நான் பார்த்ததே இல்லை. வாசலில் பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டே ஒரு கை முன்னால் தோட்டைப் பிடித்திருக்கும், இன்னொரு கை காதுக்குப் பின்னால் திருகை வைத்திருக்கும். முதலில் அவர் திருகைத் தப்பான பக்கம் சுற்றுவார். அரைச் சுற்று, முக்கால் சுற்று, ஓர் இடத்தில் நிறுத்துவார், அப்புறம்தான் சரியான பக்கம். "ஏம்மா பின்னாடி சுத்துற?" என்று கேட்டேன். "விழுற இடம் கைக்குத் தெரியணும்ல" என்றார். மூக்குத்திக்கு இன்னும் கஷ்டம், திருகு மூக்குக்கு உள்ளே. கண்ணுக்கே தெரியாத இடத்தில், கடுகளவு திருகை, வழுக்கும் விரலால் தொடங்கும் பெண்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். நாம்தான் யூடியூபில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அவர் சொன்ன "விழுற இடம்" என்ன என்று பின்னாளில் புரிந்தது. மரை என்பது ஓர் உருளையில் சுற்றிச் சுற்றி ஏறுகிற சாய்தளம். ஸ்குரூவின் நுனியில் அந்தச் சாய்தளத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு, ஓட்டையின் வாயிலும் ஒன்று உண்டு. ஸ்குரூவை லேசாக அழுத்தியபடி இடப்பக்கமாக, அதாவது கழற்றும் பக்கமாகச் சுற்றினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டே வரும். இரண்டு தொடக்கமும் தாண்டுகிற இடத்தில் ஸ்குரூ 'டக்' என்று கீழே விழும். எம்4, அதாவது 4 மி.மீ. தடிமன் ஸ்குரூவில் இரண்டு மரைக்கு இடையே 0.7 மி.மீ., எம்6-இல் 1 மி.மீ. விழுவது அவ்வளவுதான் என்றாலும் விரலுக்கு நன்றாகவே தெரியும். விழுந்த அந்த இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து வலப்பக்கம் சுற்றுங்கள். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். 'டக்' வரவே இல்லை என்றால் ஸ்குரூ சாய்ந்திருக்கிறது, இல்லை ஓட்டைக்கு மேலேயே இல்லை. எதையும் இறுக்காமலே இவ்வளவு தெரிந்துவிடுகிறது.

பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்குரூவுக்கும், பலகையில் ஏற்கெனவே ஒரு முறை இறங்கிய ஸ்குரூவுக்கும் இதே வழிதான். ஏர்கான் மூடியை, மின்விசிறி ரிமோட்டை ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் நேராக வலப்பக்கம் சுற்றினால் ஸ்குரூ புதுசாக ஒரு மரையை வெட்டிக்கொண்டு போகும். நாலாவது முறை அங்கே மரையே இருக்காது, வெறும் பொடி. பழைய தடத்தைத் தேடிப் பிடித்தால் பத்து முறை தாங்கும்.

'டக்' கிடைத்த பிறகும் முதல் இரண்டு மூன்று சுற்று விரலால்தான். டிரில்லை எடுக்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பித்தளை வால்வின் மூடிக்கு நாலு போல்ட்டு. மூன்று நன்றாகப் போனது. நாலாவது குழாய்க்குப் பின்னால், பார்க்க முடியாத இடம். கொஞ்சம் இறுக்கமாக இருந்ததும் 'துரு போல' என்று நினைத்து இம்பாக்ட் டிரைவரை வைத்துவிட்டேன். கிர்ரென்று இறங்கியது, எனக்குப் பெருமை வேறு. சாய்ந்து இறங்கிய போல்ட்டு பித்தளை மரையை வழித்துக்கொண்டு போயிருந்தது. வால்வையே மாற்றினோம். மேற்பார்வையாளர் திட்டவில்லை, "தம்பி, உங்க மரை சரியா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். கூட இருந்தவர்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். விரலால் போகாத ஸ்குரூ மோட்டாரால் போனால், அது போகக் கூடாத வழியில் போகிறது என்று பொருள்.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டு போடும்போது இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்ளும். வேகமாகச் சுற்றினால் இரண்டும் உரசிச் சூடாகி ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். அப்புறம் முன்னாலும் போகாது பின்னாலும் வராது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி மெதுவாகச் சுற்றினால் அந்தக் கதை வராது.

இப்போது பிடிப்புக்கு வருவோம். இதில் முதல் கேள்வி காந்தம் இல்லை, முனை பொருந்துகிறதா என்பது. கூட்டல் குறித் தலை எல்லாம் ஒன்று என்று நினைத்து ஒரே டிரைவரை எல்லாவற்றுக்கும் வைப்பார்கள். ஐரோப்பியக் கீல்களோடு வருவது பெரும்பாலும் போசிடிரைவ். தலையைப் பாருங்கள்: கூட்டல் குறியின் நாலு கைகளுக்கு நடுவே மெல்லிய நாலு கோடு இருந்தால் அது போசிடிரைவ், அதற்கு பிஇசட்2 முனை வேண்டும். சாதாரண பிலிப்ஸ் முனையை வைத்தால் ஆடும், நழுவும். ஜப்பானியச் சாமான்களில் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் அது அவர்கள் நாட்டு வடிவம். அதிலும் பிலிப்ஸ் முனை முழுசாக உட்காராமல் போவதுண்டு. சரியான முனையைச் சரியான அளவில் வைத்து அழுத்தினால், காந்தமே இல்லாமல் ஸ்குரூவைப் படுக்கைவசமாக ஒரு நொடி இரண்டு நொடி தாங்கும். சில நேரம் அதுவே போதும்.

முனையில் தானாக நிற்கும் ஸ்குரூ உலகத்தில் இல்லாமல் இல்லை. கனடாக்காரர் ராபர்ட்சன் 1908-இல் சதுர ஓட்டைத் தலையைக் கொண்டுவந்தார். லேசாகக் கூம்பும் சதுர முனை அந்த ஓட்டையில் ஆப்பு மாதிரி உட்கார்ந்துகொள்ளும், ஸ்குரூவை ஒரு கையாலேயே எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். உலகம் முழுக்கப் பரவியது என்னவோ 1930-களில் வந்த பிலிப்ஸ்தான். உங்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், கை நுழையாத இடங்களுக்கு நட்சத்திர ஓட்டைத் தலை, அதாவது டோர்க்ஸ், வாங்குங்கள். ஜாலான் புசார் பக்கத்துச் சாமான் கடைகளில் ஸ்டெயின்லெஸ்ஸிலேயே கிடைக்கும்.

கையில் இருக்கும் ஸ்குரூவோடுதான் மல்லுக்கட்ட வேண்டும் என்றால் எனக்கு எப்போதும் கைகொடுப்பது மாஸ்கிங் டேப். ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்து, ஒட்டும் பக்கம் தலையைப் பார்க்கும்படி ஸ்குரூவை அதன் நடுவில் குத்தி, தலை வரைக்கும் இழுங்கள். டிரைவர் முனையைத் தலையில் வைத்து, டேப்பின் இரண்டு சிறகையும் டிரைவர் தண்டோடு சேர்த்து ஒட்டுங்கள். ஸ்குரூவும் டிரைவரும் ஒரே பொருள் ஆகிவிடும், தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. மூன்று நாலு சுற்று இறங்கியதும் டிரைவரை வெடுக்கென்று பின்னால் இழுத்தால் டேப் கிழிந்துகொண்டு வரும். தலைக்கு அடியில் துணுக்கு மாட்டிக்கொண்டால் ஒரு சுற்று தளர்த்திப் பிய்த்துவிடுங்கள். செல்லோடேப் வேண்டாம், அது இழுபடுமே தவிரக் கிழியாது.

டேப்புக்கு இடமில்லாத சின்ன ஸ்குரூவா? தலையின் பள்ளத்தில் கெட்டியான கிரீஸ், வாசலின், மெழுகுவர்த்தி மெழுகு, சுவரில் படம் ஒட்டும் புளூடாக், எதுவானாலும் ஒரு மிளகளவு வைத்து முனையை அழுத்துங்கள். இந்த ஊர் வெக்கையில் மெழுகும் வாசலினும் இளகிவிடும், புளூடாக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மின்சாமான்களுக்குள் கிரீஸ் வேண்டாம்.

மீன்தொட்டிக்குக் காற்று விடும் மெல்லிய குழாய் இருக்கிறதே, அதில் ஒரு சாண் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்குரூவின் தலை அதற்குள் இறுக்கமாக நுழைந்தால் குழாயையே டிரைவராக வைத்துச் சுற்றலாம். வளையும் என்பதால் நேர் கோட்டில் போக முடியாத இடத்துக்கும் போகும். இதன் அருமை மோட்டார்சைக்கிள்காரர்களுக்குத் தெரியும். ஸ்பார்க் பிளக்கைப் பள்ளத்துக்குள் இறக்க ஒரு துண்டு பெட்ரோல் குழாயை அதன் தலையில் செருகிச் சுற்றுவார்கள். சாய்ந்து மாட்டினால் குழாய் வழுக்கிவிடும், அலுமினிய மரை பிழைத்துக்கொள்ளும். கருவிக்குப் பலம் இல்லாததுதான் இங்கே வசதி.

நட்டு என்றால் தந்திரம் வேறு. ரிங் ஸ்பேனரின் ஒரு பக்க வாயை டேப்பால் மூடி, மறுபக்கத்திலிருந்து நட்டை உள்ளே வைத்தால் அது பின்னால் நழுவாது. சாக்கெட்டில் ஆடினால் ஒரு காகிதத் துண்டை நட்டோடு சேர்த்துத் திணியுங்கள். ஸ்பேனரே போகாத இடத்துக்கு ஐஸ்கிரீம் குச்சியின் நுனியில் இரட்டைப்பக்க டேப் ஒட்டி, அதில் நட்டை ஒட்டி, போல்ட்டு நுனிக்குக் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டு, போல்ட்டை மறுபக்கத்திலிருந்து சுற்றுங்கள். இங்கேயும் முதலில் பின்பக்கம் சுற்றி 'டக்' கேட்டுவிட்டுத்தான்.

அடுத்தது நேர். மூலைக்குள் எட்டிப் பார்க்கக் கண்ணாடி வைப்பார்கள். எனக்குக் கண்ணாடி வைத்து ஒரு ஸ்குரூவும் ஒழுங்காகப் போனதில்லை. வலம் இடமாகத் தெரியும், கை குழம்பிவிடும். கைபேசியின் பின்பக்கக் கேமராவை உள்ளே நீட்டி வீடியோ எடுத்துப் பாருங்கள். செல்ஃபி கேமரா படத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டும், அது வேண்டாம். ஓட்டை எங்கே, எந்தச் சாய்வில் இருக்கிறது என்று தெரிந்ததும் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பாதி தெரியும் கண் கையைத் தப்பாக இழுக்கும், மூடிவிட்டால் விரல் சொல்வது கேட்கும்.

மூலையில் டிரைவர் நேராக நிற்க இடமில்லாவிட்டால் நீளத்தைக் குறைக்க வேண்டும். குட்டி டிரைவர் ஒரு வழி. அதுவும் நீளம் என்றால் பிட்டை, அதாவது டிரைவரில் மாட்டும் தனி முனையை மட்டும் எடுங்கள். கால் அங்குல அறுகோண பிட்டுக்குக் கால் அங்குல ரிங் ஸ்பேனர் கச்சிதமாகப் பொருந்தும். ஒரு விரலால் பிட்டின் முதுகை அழுத்திப் பிடித்து, மற்ற விரல்களால் பிட்டையே உருட்டித் தொடங்குங்கள், பிடித்த பிறகு ஸ்பேனர். ராட்செட், அதாவது ஒரு பக்கம் மட்டும் கவ்விச் சுற்றும் கைப்பிடி, வைத்துத் தொடங்க முயலாதீர்கள். ராட்செட் வேலை செய்ய ஸ்குரூ கொஞ்சமாவது எதிர்த்து நிற்க வேண்டும். முதல் இரண்டு சுற்றில் அந்த எதிர்ப்பு இருக்காது, கைப்பிடி முன்னால் போனால் முன்னால், பின்னால் வந்தால் பின்னால் என்று ஸ்குரூவும் கூடவே ஆடும். வளையும் தண்டு வைத்த டிரைவர் நேர்மாறு. தொடங்க நல்லது, இறுக்க உதவாது, தண்டுதான் முறுக்கிக்கொள்ளும்.

இவ்வளவும் ஸ்குரூ இருக்கும் இடத்துக்கு நாம் போகிற வழிகள். அனுபவப்பட்டவர்கள் முதலில் அதைச் செய்வதில்லை, வேலையின் வரிசையை மாற்றிப் பார்ப்பார்கள். நாலு ஸ்குரூவில் ஒன்று மூலையில் இருக்கிறதா? எல்லாரும் எளிதான மூன்றைப் போட்டுவிட்டு அதைக் கடைசிக்கு வைப்பார்கள். அதற்குள் தகடு நகர முடியாமல் நின்றுவிடும், நாலாவது ஓட்டை அரை மில்லிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். மூலையை முதலில் போடுங்கள், தகடு இன்னும் ஆடும்போதே. இரண்டு சுற்று பிடித்ததும் விட்டுவிட்டு மற்றதற்குப் போங்கள். நாலும் மரையில் உட்காரும் வரை எதையும் இறுக்காதீர்கள். குழாய் மாற்றுகிறவர்கள் கைகழுவும் பேசினைச் சுவரில் மாட்டும் முன்பே கீழே வைத்துக் குழாயைப் பூட்டிவிடுவதும் இதனால்தான். மாட்டிய பிறகு பின்பக்க நட்டுக்குத் தரையில் மல்லாந்து படுக்க வேண்டும்.

ஸ்குரூ மரையைத் தொடாமல் பாதியில் நின்றால் நீளமான ஒன்றை முதலில் போடுங்கள். சுவர் சுவிட்சின் முகப்புத் தகட்டில் இதை அடிக்கடி பார்க்கலாம். நம் ஊர் மூன்று ஓட்டைப் பிளக் தகடுகளுக்கு எம்3.5 ஸ்குரூ. உள்பெட்டி ஓடுகளுக்குப் பின்னால் ஆழத்தில் இருந்தால் தகட்டோடு வந்த ஸ்குரூ எட்டாது. 50 மி.மீ. ஸ்குரூ ஒன்று எட்டிப் பிடித்துத் தகட்டை இழுத்துக் கொண்டுவரும். மறுபக்கமும் பிடித்த பிறகு முதலாவதை எடுத்துவிட்டு, மரையில் நன்றாக இறங்கும் அளவுக்குச் சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் தகட்டுக்குப் பின்னால் இருப்பது 230 வோல்ட். வயரிங் வேலைக்கு உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள், அவர் வேலை செய்யும்போது இந்தத் தந்திரத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

விழுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விழும். வேலை தொடங்கும் முன் கீழே ஒரு துணியை விரியுங்கள். பேசின் வடிகாலையும் குளியலறைத் தரை வடிகாலையும் மூடுங்கள். விழுந்தால் போச்சு என்கிற இடத்தில் ஸ்குரூவின் கழுத்தில், தலைக்குச் சற்றுக் கீழே, ஒரு முழம் தையல் நூலைக் கட்டி மறுமுனையைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்றுக்கு முன்னால் நூலை வெட்டி உருவிவிடலாம். சன்னலுக்கு வெளியே கை நீட்டும் வேலையை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள். பத்தாவது மாடியிலிருந்து விழும் ஒரு போல்ட்டுக்குக் கீழே யார் நடக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. வீவக (அரசாங்க வீடமைப்பு) அடுக்குமாடியில் இப்படி மேலிருந்து விழுகிற பொருளுக்குக் கில்லர் லிட்டர், அதாவது கொல்லும் குப்பை என்று சும்மா பெயர் வைக்கவில்லை.

ஒரு முறை அலுவலகக் கட்டடம் ஒன்றில் ஏர்கான் காற்றாடிப் பெட்டிக்குள் எம்6 ஸ்டெயின்லெஸ் போல்ட்டை விட்டுவிட்டேன். நத்தைக்கூடு மாதிரி வளைந்த பெட்டி, போல்ட்டு அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. காந்தத்தைக் கயிற்றில் கட்டி அரைமணி நேரம் மீன் பிடித்தேன், அப்புறம்தான் ஸ்டெயின்லெஸ் என்பது நினைவுக்கு வந்தது. துப்புரவு வேலை பார்த்த அக்கா ஒருவர் நின்று பார்த்துவிட்டு, வாக்குவம் கிளீனரைக் கொண்டுவந்து, குழாய் வாயில் பழைய காலுறை ஒன்றை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார். உள்ளே விட்டதும் போல்ட்டு வந்து காலுறையில் ஒட்டிக்கொண்டது. காற்று இழுக்கும், துணி தடுக்கும். அன்றிலிருந்து என் கருவிப் பையில் ஒற்றைக் காலுறை ஒன்று இருக்கிறது. மனைவிக்கு இன்னும் அதன் மேல் சந்தேகம்தான்.

சரி, தம்பி, உங்கள் கீல். அந்தக் குழாயோடு சண்டை போடாதீர்கள், கழற்றிவிடுங்கள். தொட்டிக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் பொறிக்குழாய் (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் குழாய்), கையால் திருகும் பெரிய நட்டுகள்தான். கீழே ஒரு வாளி வைத்துக் கழற்றினால் ஐந்து நிமிடத்தில் கை முழுதும் நுழையும் இடம் கிடைக்கும், நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். திருப்பி மாட்டும்போது அந்த நட்டுக்கும் பின்சுற்றுதான், பிளாஸ்டிக் மரை சாய்ந்து மாட்டினால் கட்டாயம் ஒழுகும்.

அப்புறம் கதவைத் தகட்டிலிருந்து பிரியுங்கள். கீலின் பின்பக்கத்தில் ஒரு கொக்கி இருந்தால் அழுத்தினாலே கழன்று வரும். கதவின் எடை இல்லாமல் வெறும் தகட்டை மாட்டினால் வேலை பாதியாகக் குறையும். பலகையில் உள்ள ஓட்டையில் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். கதவு தொங்கியது என்றால் ஓட்டை அகன்றிருக்கும். ஸ்குரூ விழுந்துகொண்டே இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், பிடித்துக்கொள்ள அங்கே மரமே இல்லையே. சாத்தே குச்சி, அதாவது இறைச்சித் துண்டு குத்திச் சுடும் மெல்லிய மூங்கில் குச்சி, இரண்டு மூன்றை வெள்ளைப் பசையில் தோய்த்து ஓட்டையில் நெருக்கமாகத் திணித்து, ஓர் இரவு விட்டு, பலகையோடு சமமாக நறுக்கிவிடுங்கள். நடுவில் ஆணி நுனியால் ஒரு குழி. ஈரத்தில் ஊறிப் பலகை பொரிமாவு மாதிரி உதிர்ந்தால் குச்சி நிற்காது. கீலுக்கு அடியில் போடும் ஸ்டெயின்லெஸ் ஒட்டுத்தகடு சாமான் கடையில் கேளுங்கள், அது ஸ்குரூவை நல்ல பலகை இருக்கும் இடத்துக்குத் தள்ளி வைக்கும்.

தகட்டைப் பொருத்தி, உள்மூலையில் இருக்கும் ஸ்குரூவை முதலில் போடுங்கள். கீல் தகட்டு ஸ்குரூ பெரும்பாலும் 3.5 மி.மீ. தடிமன், 16 மி.மீ. நீளம். நீளமானது போட்டால் பிடிக்கும் என்று ஆசைப்படாதீர்கள், பலகையின் மறுபக்கம் நுனி வந்துவிடும். பிஇசட்2 குட்டி டிரைவர், மாஸ்கிங் டேப் சிறகு. கையால் மட்டும். இரண்டும் பிடித்த பிறகு மாற்றி மாற்றி இறுக்குங்கள், தலை தகட்டில் உட்கார்ந்ததும் நிறுத்திவிடுங்கள். பலகையில் ஒரு கால் சுற்று அதிகமானாலும் மறுபடி சாத்தே குச்சிதான்.

கீழே போன மூன்று ஸ்குரூவுக்கும் காந்தம் உதவாது என்று தெரிந்துவிட்டது. குழாய் கழன்றிருக்கும்போதே அந்த ஓட்டை வழியாகக் காலுறை மாட்டிய வாக்குவத்தை விடுங்கள். கழிவுக் குழாயின் திறந்த வாயை முதலில் ஒரு துணியால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாலாவதும் அதற்குள் போகும்.